கடலிலிருந்து கண்ட சென்னை

ஞாயிறு கடலில் மூழ்கும் காட்சியைக் காண விரும்புவோர் கன்னியாகுமரிக்கும் கோவாவுக்கும் செல்கின்றனர். சென்னை மக்களுக்கு அந்தப் பேறு இல்லை. நம் கடல் கிழக்கே இருக்கிறது. அதில் ஞாயிறு எழுமேயன்றி விழுவதில்லை. மாலை வேளையில் மெரீனா மணலில் அமர்ந்திருப்போர் யாவரும் கடலை நோக்கியே அமர்கின்றனர். அவர்களுடைய முதுகுப்புறத்தில், கட்டடங்களுக்குப் பின்னே, கவனிப்பார் யாருமின்றிப் பகலவன் மறைந்துவிடுகிறான்.

ஆயினும் அதே மாலையில் ஒரு பாய்மரப் படகில் ஏறி, கரையைவிட்டு ஒரு மைல் தொலைவு சென்று திரும்பிப் பார்ப்போமாயின், காட்சி முற்றிலும் மாறிவிடுகிறது. அப்போது கடல் நம் காலடியில் இருக்கிறது. கண்முன் நகரம் இருக்கிறது. நகரத்திற்குப் பின்னே ஞாயிறு இறங்குகிறது. கோட்டையும், நீதிமன்றமும், கலங்கரை விளக்கமும், ஆலயக் கோபுரமும் ஒரே வரிசையில் நின்று, செவ்வானத்தின் முன்னே கருமையாய்த் தோன்றுகின்றன. பல நூற்றாண்டுகளாக இக்கரையை நாடி வந்த மாலுமிகள் கண்ட முகம் அதுவே. நாள்தோறும் வலையோடு சென்று திரும்பும் மீனவர் காணும் முகமும் அதுவே. கரையில் வாழும் நாம்தாம் நம் நகரத்தின் அந்த முகத்தை அறியாதவர்களாய் இருக்கிறோம்.

அம்முகத்தைக் காணும் வாய்ப்பு ஒரு பிப்ரவரி மாலையில் கிடைத்தது. மூன்று மணி நேரப் பயணந்தான். எனினும் சில நாள் நெடும்பயணங்கள் கற்பிக்காத பாடம் ஒன்றை அது கற்பித்தது. அதனை நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

துறைமுகத்தின் உள்ளே

சென்னைத் துறைமுகத்தின் உள்ளே, பெருங்கப்பல்களுக்கும் பாரந்தூக்கிகளுக்கும் இடையே, சின்னஞ்சிறு பாய்மரப் படகுகள் மிதக்கும் ஒரு மூலை உண்டு. 1911ஆம் ஆண்டு தோன்றிய இராயல் மெட்ராஸ் யாட் கிளப் அங்கே இருக்கிறது. அதனை நிறுவியவர் அன்றைய துறைமுகத் தலைவரான சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்னும் பொறியாளர். இப்பெயரை வாசகர்கள் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். இன்று நாம் காணும் சென்னைத் துறைமுகத்தின் உருவத்திற்கும் அவரே பெரிதும் காரணர்.

மாலை நான்கு மணி. துறைமுகக் காவலரிடம் அடையாளச் சீட்டைக் காட்டி, உயிர்காப்பு மேலுடையை அணிந்துகொண்டு, இருபத்தாறு அடி நீளமுள்ள படகில் ஐவர் ஏறினோம். சுக்கானைப் பிடித்தவர் காசிமேட்டைச் சேர்ந்த மீனவர். அறுபது வயதைக் கடந்தவர். இளமையில் கட்டுமரத்திலும், பின்னர் விசைப்படகிலும் தொழில் செய்து, இப்போது இத்தகைய படகுகளைப் பேணும் வேலையில் இருப்பவர். நெற்றி சுருங்க ஒருமுறை கொடியைப் பார்த்தார். "கிழக்கே கொஞ்சம் தெற்கு வாங்கி அடிக்குது சார். நல்ல காற்று. போகும்போதும் ஓடும், வரும்போதும் ஓடும்" என்றார்.

அவர் சொன்னதன் பொருளை அறியாதோர்க்கு ஒரு சொல். பாய்மரப் படகு காற்று தள்ளும் திசையிலே மட்டும் போகும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அஃது உண்மையன்று. படகின் அடியிலே கனத்த தகடு ஒன்று நீருக்குள் இறங்கியிருக்கிறது. காற்று பக்கவாட்டில் தள்ளும்போது அத்தகடு நீரை அழுத்தி நின்று, படகு பக்கமாய்ச் சரிந்து ஓடாமல் தடுக்கிறது. பறவையின் சிறகுபோல் வளைந்து நிற்கும் பாயோ காற்றின் விசையை முன்னோக்கித் திருப்பிவிடுகிறது. ஆகவே கிழக்கிலிருந்து வரும் கடற்காற்றைக்கொண்டு தெற்கே போகலாம். அதே காற்றைக்கொண்டு வடக்கே திரும்பியும் வரலாம். நேர் எதிர்க்காற்றிலே மட்டும் நேராய்ச் செல்ல இயலாது. அப்போது இடமும் வலமுமாக மாறி மாறிச் சாய்ந்தே முன்னேற வேண்டும்.

துறைமுகத்தின் உள்நீர் குளம்போல் அமைதியாய் இருந்தது. ஆனால் இந்த அமைதி இயற்கை தந்ததன்று. சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. 1639ஆம் ஆண்டு ஆங்கிலேயர் இங்கே நிலம் பெற்றுக் கோட்டை கட்டத் தொடங்கிய நாள்முதல் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. ஆட்களையும் சரக்கையும் கரைக்குக் கொணர்ந்தவை மசூலாப் படகுகள். ஆணி அடித்த படகு அலை மோதிப் பிளந்துபோகுமென்று, பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்தே அவற்றைக் கட்டினர். அலைக்கு வளைந்துகொடுக்கும் அப்படகுகளைச் செலுத்துவதற்கு அலையின் குணமறிந்த கைகள் தேவைப்பட்டன. ஆளுநர்களும் வணிகர்களும் மறைபணியாளர்களும் அந்தக் கைகளை நம்பியே இம்மண்ணில் கால் வைத்தனர்.

பின்னர் 1875ஆம் ஆண்டு, கடலுக்குள் இரு பெருங்கற்சுவர்களை நீட்டி, செயற்கைத் துறைமுகம் ஒன்றை அமைக்கத் தொடங்கினர். வேலை நிறைவுறும் தறுவாயில், 1881 நவம்பரில் வந்த புயல் அதனைச் சிதைத்தது. மீண்டும் கட்டினர். கிழக்கு நோக்கியிருந்த வாயிலின் வழியே அலையும் மணலும் புகுந்து தொல்லை தந்தன. 1904ஆம் ஆண்டு பொறுப்பேற்ற ஸ்பிரிங் அவ்வாயிலை அடைத்து, வடகிழக்கில் புதுவாயில் திறந்தார். அதன்பின் கப்பல்கள் அச்சமின்றி உள்ளே வந்தன. மசூலாப் படகுகளின் காலம் மெல்ல மெல்ல முடிவுற்றது.

வாயிலைக் கடந்ததும்

சிறு விசைப்பொறியின் துணையால் கப்பல்களின் நிழலைக் கடந்து வடபுற வாயிலை அடைந்தோம். கற்சுவரின் முனையைத் தாண்டியதும் படகு முதன்முறையாகத் தலையசைத்தது. பொறியை நிறுத்திப் பாயை ஏற்றினர். அதுவரை இரைந்துகொண்டிருந்த ஓசை ஓய்ந்து, பலகையின்மேல் நீர் உரசும் ஒலி மட்டும் எஞ்சியது.

அவ்விடத்திலிருந்து வடமேற்கே பார்த்தால் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகமும், அதன் பின்னே இராயபுரமும் இருக்கின்றன. கொடிகள் பறக்கும் விசைப்படகுகள் நெருக்கியடித்து நிற்பது தெரிந்தது. சுக்கானில் அமர்ந்திருந்த பெரியவர் அத்திசையை நோக்கி ஒரு கணம் தலைதாழ்த்தி, நெற்றியில் சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டார்.

"பெரியவரே, உங்கள் ஆலயமா?" என்று கேட்டோம்.

"ஆமாம் சார். இராயப்பர் கோவில். இங்கேயிருந்து பார்த்தால் கிடங்கும் தூக்கியும் மறைத்துக்கொள்ளும். எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியுமே!" என்றார்.

இராயபுரம் என்னும் பெயரே இராயப்பரால் வந்தது. புனித பேதுருவை நம் முன்னோர் இராயப்பர் என்றே அழைத்தனர் என்பதை மூத்தோர் அறிவர். துறைமுகம் இல்லாத நாளில் அலைகளோடு போராடிய படகுக்காரர்களான கத்தோலிக்க மக்கள், தங்கள் உழைப்பின் பயனைக்கொண்டு 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுப்பியதே அங்குள்ள புனித இராயப்பர் ஆலயம். மீனவரான திருத்தூதருக்குப் படகோட்டிகள் எழுப்பிய இல்லம் அது. இதைவிடப் பொருத்தமான காணிக்கை வேறு எது?

பெரியவர் மேலும் சொன்னார்: "எங்கள் தாத்தா காலத்தில் அங்கே பெரிய மணல்வெளி இருந்ததாம் சார். அதிலேதான் கரைவலை இழுப்பார்கள், கட்டுமரத்தை ஏற்றி வைப்பார்கள், கருவாடு காயப்போடுவார்கள். தாத்தா பிறந்த வீடு இருந்த இடத்தை அப்பா எனக்குக் காட்டுவார். எப்படிக் காட்டுவார் தெரியுமா? கட்டுமரத்தில் போகும்போது கீழே தண்ணீரைக் காட்டுவார்."

படகில் இருந்தவர்கள் யாரும் சற்று நேரம் பேசவில்லை. அலையை ஒட்டி நீண்டு கிடந்த கருங்கற்குவியலையே பார்த்துக்கொண்டிருந்தோம். வடசென்னைக் கரையில் மணல் இருக்க வேண்டிய இடமெல்லாம் கல்லே காவல் நிற்கிறது. கடல் மேலும் ஊரை விழுங்காதிருக்கக் கொட்டப்பட்ட கற்கள் அவை.

தெற்கு நோக்கி

சுக்கான் திரும்பியது. துறைமுகத்தின் நெடிய வெளிச்சுவரை வலப்புறம் விட்டுத் தெற்கே சென்றோம். காற்று இடப்புறமிருந்து வந்தமையால் படகு கரைப்பக்கம் சாய்ந்தது. அதனைச் சமன்செய்ய யாவரும் கடற்பக்க விளிம்பில் வரிசையாய் அமர்ந்தோம். அவ்வாறு அமர்ந்ததும் நகரம் முழுவதும் நாடகமேடைபோல் எதிரே விரிந்தது.

முதலில் உயர் நீதிமன்றத்தின் செந்நிறக் கோபுரங்கள். அவற்றுள் உயர்ந்த ஒன்றன் உச்சியில் 1894ஆம் ஆண்டு முதல் 1977ஆம் ஆண்டு வரை கலங்கரை விளக்கு எரிந்தது. நீதி வழங்கும் மன்றமே மாலுமிகளுக்கு வழியும் காட்டியது! அதை அடுத்துப் புனித ஜார்ஜ் கோட்டை. கோட்டை கட்டிய காலத்தில் கடல் அதன் மதிலுக்கு மிக அருகே இருந்தது. இன்றோ மதிலுக்கும் அலைக்கும் இடையே அகன்ற சாலையும் நிலமும் கிடக்கின்றன. அப்பால் கூவம் ஆற்றின் முகத்துவாரம்; அதன் தெற்கே மெரீனா தொடங்குகிறது.

மெரீனாவின் அழகைப் பாடாதோர் இல்லை. சுமார் 6 கிலோமீட்டர் நீளமுள்ள அம்மணற்பரப்பு கடலிலிருந்து பார்க்கும்போது நகரின் காலடியில் விரித்த பொற்கம்பளமாகத் தோன்றுகிறது. சிறுவர்கள் பறக்கவிட்ட பட்டங்கள் வானில் புள்ளிகளாய்த் தெரிந்தன. பல்கலைக்கழகத்தின் செனட் இல்லமும், மாநிலக் கல்லூரியும், விவேகானந்தர் இல்லமும் ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன. விவேகானந்தர் இல்லம் முதலில் ஒரு பனிக்கட்டிக் கிடங்கு. அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த பனிக்கட்டிகளைச் சேமிப்பதற்காக 1842ஆம் ஆண்டு அதனைக் கட்டினர். படகிலிருந்து இறக்கிய பனிக்கட்டி கரையுமுன் உள்ளே சேர வேண்டும். ஆகையால் கடலோரத்திலேயே அதற்கு இடம் தேடினர். இன்று அவ்வில்லத்தின் வாயிலிலிருந்து அலையை அடைய வேண்டுமாயின் நெடுந்தொலைவு மணலில் கால் புதைய நடக்க வேண்டும். அத்தனை மணலும் எங்கிருந்து வந்தது?

இக்கேள்விக்கு விடை துறைமுகச் சுவரில் இருக்கிறது. நம் கீழைக்கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து கரையைத் தாக்குகின்றன. ஒவ்வோர் அலையும் சிறிது மணலை வடக்கே தள்ளுகிறது. வடகிழக்குப் பருவக்காற்றின் காலத்தில் இது மாறி, மணல் தெற்கே நகர்கிறது. எனினும் வரவையும் செலவையும் கணக்கிட்டால் வடக்கு நோக்கிய நகர்வே மிகுதி. இவ்வாறு கடற்கரை என்பது கண்ணுக்குத் தெரியாமல் ஓடிக்கொண்டேயிருக்கும் ஒரு மணல் ஆறு. தெற்கே உள்ள ஊர் வடக்கே உள்ள ஊருக்கு மணலைக் கையளிக்கிறது. அவ்வூர் அடுத்த ஊருக்குக் கையளிக்கிறது. எவரும் சேமித்து வைப்பதில்லை, எவருக்கும் குறைவதுமில்லை.

அந்த ஆற்றின் குறுக்கே 1875ஆம் ஆண்டு முதல் கற்சுவர் எழுந்தது. வடக்கே செல்ல வேண்டிய மணல் சுவரின் தென்புறத்தில் தேங்கியது. ஆண்டுதோறும் தேங்கித் தேங்கிக் கடலைப் பின்னுக்குத் தள்ளியது. அப்போது ஆளுநராயிருந்த கிராண்ட் டஃப், புதிதாய் அகன்று வந்த அக்கரையின் ஓரத்தில் உலாச்சாலை ஒன்றை 1884ஆம் ஆண்டையொட்டி அமைத்து, இத்தாலிய நாட்டுக் கடற்கரைகளின் நினைவாக 'மெரீனா' என்று பெயரும் சூட்டினார். நாம் பெருமையோடு விருந்தினருக்குக் காட்டும் மெரீனா இவ்வாறு பிறந்தது.

சுவரின் வடபுறத்தில் நிகழ்ந்தது என்ன? அங்கும் அலைகள் வழக்கம்போல் மணலை வடக்கே கொண்டுசென்றன. ஆனால் ஈடுசெய்யத் தெற்கிலிருந்து மணல் வரவில்லை. செலவு உண்டு, வரவு இல்லை. இராயபுரத்தின் கரை தேயத் தொடங்கியது. பெரியவரின் பாட்டனார் பிறந்த வீடு அவ்வாறே கடலுக்குள் போயிற்று. கடலைத் தடுக்க அங்கே கற்சுவர் போட்டனர். அரிப்பு அதற்கும் வடக்கே தண்டையார்பேட்டைக்கும், திருவொற்றியூருக்கும், எண்ணூருக்கும் நகர்ந்தது. பின்னர் மீனவர் 'தூண்டில் வளைவு' என்றழைக்கும் கற்கரங்களைக் கடலுக்குள் நீட்டினர். ஓரிடத்தில் சிறிது மணல் சேர்ந்தது. அடுத்த இடத்தில் சிறிது குறைந்தது.

சுருங்கக் கூறின், மெரீனாவில் நாம் காலாற நடக்கும் மணல் இராயபுரத்தைச் சென்றடைந்திருக்க வேண்டிய மணல். நமக்கு உலாவ இடம் கிடைத்தபோது, அவர்களுக்கு வலை உலர்த்த இடம் போயிற்று. துறைமுகம் கட்டியோர் தீயோர் அல்லர். புயலில் மூழ்கும் கப்பல்களைக் காக்கவே கட்டினர். அதனால் நாட்டின் வணிகம் வளர்ந்தது என்பதும் மறுக்க முடியாத உண்மை. மெரீனாவில் உலாவுவோரும் எவருக்கும் தீங்கு எண்ணியவர் அல்லர். ஆயினும் ஒரு கரையின் ஆதாயத்திற்கு மறுகரை விலை கொடுத்தது. விலை கொடுத்தவர்களிடம் யாரும் கேட்கவுமில்லை.

மெரீனாவின் மணலிலும் ஏழை மீனவருக்கு இடம் உறுதியாய்க் கிடைத்ததா எனில், அதுவும் இல்லை. நடுக்குப்பம், அயோத்திக்குப்பம், நொச்சிக்குப்பம் எனக் குப்பங்கள் அக்கரையில் இருக்கின்றன. 1985ஆம் ஆண்டு கடற்கரையை அழகுபடுத்துவதற்காகக் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற முற்பட்டபோது கலவரம் மூண்டு, துப்பாக்கிச் சூட்டில் மீனவர் உயிரிழந்தனர். 2004 டிசம்பர் 26ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாளான ஞாயிறன்று, ஆழிப்பேரலை அக்குப்பங்களைத் தாக்கியது. அதன்பின் பல குடும்பங்கள் கடலோசை கேளாத தொலைவிலுள்ள செம்மஞ்சேரி போன்ற இடங்களில் குடியமர்த்தப்பட்டன. கடலை நம்பி வாழ்பவன் கடலிலிருந்து பல கல் தொலைவில் இருந்தால் விடியலுக்கு முன் வலையெடுக்க எவ்வாறு வருவான்?

சாந்தோம் கோபுரத்தின் எதிரே

கலங்கரை விளக்கத்தின் எதிரே வந்தபோது மணி ஆறாகச் சிறிது நேரமே இருந்தது. அதற்குச் சற்றுத் தெற்கே, வெண்ணிறக் கோபுரத்தோடு சாந்தோம் பேராலயம் நின்றது. பாயைத் தளர்த்தினர். படகு ஓட்டம் குறைந்து அலைமேல் அசைந்தது.

புனித தோமையாரின் கல்லறையின்மேல் எழுந்த இத்திருத்தலத்தைப் பற்றி 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே மார்க்கோ போலோ எழுதிவைத்துள்ளார். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் ஆலயம் எழுப்பினர். இன்றைய கோத்திக் பாணிப் பேராலயம் 1896ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது. 1986 பிப்ரவரியில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் இங்கே வந்து செபித்ததை நேரில் கண்டவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கின்றனர். பேராலயத்தின் பின்னே கடலை நோக்கித் தோமையார் கம்பம் நிற்கிறது. கடல் அதனைத் தாண்டி வாராது என்பது மக்களின் நம்பிக்கை. ஆழிப்பேரலையின் நாளில் அருகிலிருந்த குப்பங்களின் மக்கள் இவ்வாலயத்தில்தான் அடைக்கலம் புகுந்தனர். அன்று அடைக்கலம் தேடி வந்தவர்களிடம் மதம் யாதென்று எவரும் கேட்கவில்லை.

இக்கோபுரத்தைத் திருப்பலிக்குச் செல்லும்போது கீழிருந்து எத்தனையோ முறை நிமிர்ந்து பார்த்திருக்கிறோம். கடலிலிருந்து பார்த்தபோதுதான் அது யாருக்காக உயர்ந்து நிற்கிறது என்பது புலனாயிற்று. தெருவில் நிற்பவனுக்கு வாயிலே போதும். தொலைவில் தத்தளிப்பவனுக்கே கோபுரம் வேண்டும். மயிலையின் உட்பகுதியிலுள்ள பிரகாச மாதா ஆலயத்தின் மரபும் இதையே கூறுகிறது: திசை தெரியாது கடலில் தவித்த போர்த்துகீசிய மாலுமிகள், கரையில் ஓர் ஒளியைக் கண்டு உயிர் பிழைத்து, அந்நன்றியால் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வாலயத்தை எழுப்பினராம்.

"நாங்கள் ஆழத்துக்குப் போய்த் திரும்பும்போது இந்தக் கோபுரத்தையும் இன்னொரு கட்டடத்தையும் சேர்த்துப் பார்ப்போம் சார்" என்றார் பெரியவர். "இரண்டும் ஒரே நேர்க்கோட்டில் வந்தால் இன்ன இடத்தில் இருக்கிறோம் என்று தெரியும். ஒன்றை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். இடம் தெரிய இரண்டு வேண்டும்."

அவர் மீன்பிடிக்கும் முறையைத்தான் சொன்னார். ஆனால் அன்று நாங்கள் வடக்கே இராயபுரத்தையும் தெற்கே மெரீனாவையும் சேர்த்துப் பார்த்தவர்களாகையால், அச்சொல் வேறு பொருளும் தந்தது.

ஞாயிறு கட்டடங்களின் விளிம்பைத் தொட்டது. நகரின் நிழல் முதலில் சாலையில் படிந்து, பின்னர் மணலில் நீண்டு, குப்பங்களை மூடி, அலையை எட்டியது. நாங்கள் கரைக்குத் தொலைவில் இருந்தமையால் எங்கள் பாய் மட்டும் இன்னும் சில நிமிடங்கள் பொன்னிறமாய் ஒளிர்ந்தது. பிறகு அதுவும் மங்கியது. அப்போது கிழக்கே திரும்பினோம். கடலின் விளிம்பிலிருந்து நீலச்சாம்பல் நிறப் பட்டை ஒன்று மெல்ல எழுந்தது. அதன்மேல் இளஞ்சிவப்பு நிறம் படர்ந்திருந்தது. அந்த நீலம் மேகமன்று. நம் பூமியின் நிழலே வானத்தில் எழுகிறது என்று அறிந்தோர் கூறுவர். படைத்தவரின் கைவண்ணத்தைச் சொல்லாமல் சொல்லும் காட்சி அது.

மூவேளைச் செபத்தின் நேரம். கடற்காற்று கரை நோக்கி வீசியமையால் ஆலயமணியின் ஓசை எங்களை எட்டவில்லை. எனினும் பெரியவர் தலையிலிருந்த துண்டை எடுத்துத் தோளில் இட்டுக்கொண்டு, சுக்கானை விடாமலே வாய்க்குள் செபித்தார். நாங்களும் சேர்ந்துகொண்டோம். இரு பக்கமும் நீர். மேலே மங்கும் வானம். மரியன்னைக்கு வானதூதர் சொன்ன மங்கள வார்த்தை. அன்று சொன்ன அச்செபம் நாவின் பழக்கமாய் இராமல் நெஞ்சின் உள்ளே இறங்கியது.

இராயப்பரின் படகு

திரும்பும் வழியில் காற்று பின்புறமாய்ச் சாய்ந்து வந்தமையால் படகு விரைந்தது. கலங்கரை விளக்கம் ஒளிவீசத் தொடங்கியது. மெரீனாவின் விளக்குகள் வரிசையாய் எரிந்தன. வடக்கே துறைமுகத்தின் பேரொளிக்கு அப்பால் காசிமேட்டின் விளக்குகள் சிறிது மங்கலாகவே தெரிந்தன. ஏழரை மணிக்குக் கரை சேர்ந்தோம்.

அன்றிரவு நற்செய்தியின் ஒரு நிகழ்ச்சியே நினைவில் நின்றது. கெனேசரேத்து ஏரிக்கரையில் மக்கள் நெருக்கியபோது, நம் ஆண்டவர் சீமோன் பேதுருவின் படகில் ஏறி, கரையிலிருந்து சற்றே தள்ளச் சொல்லி, அங்கிருந்து மக்களுக்குப் போதித்தார் என்று புனித லூக்கா கூறுகிறார். குரல் தெளிவாய்க் கேட்பதற்காக அவ்வாறு செய்தார் என்பர். அதுவும் சரியே. ஆனால் வேறொன்றையும் எண்ணிப் பார்க்கலாம். கரையில் நின்றால் அருகில் நெருக்குவோர் மட்டுமே கண்ணில் படுவர். படகில் அமர்ந்தால் முன்வரிசையில் நிற்பவனும், ஓரத்தில் ஒதுங்கி நிற்பவளும், தொலைவில் தயங்கி நிற்பவனும் ஒரே பார்வையில் தெரிவர். இராயப்பரின் படகிலிருந்து ஆண்டவர் கண்டது முழுக்கரையையும் அன்றோ?

திருச்சபையை நாம் இராயப்பரின் படகு என்கிறோம். அப்படகில் இருப்போர்க்கு முழுக்கரையையும் காணும் கடமை உண்டு. நமக்குக் கிடைத்த நன்மை எவ்வழியே வந்தது, அதற்கு யார் விலை கொடுத்தார் என்று கேளாதிருப்பது, தம்பி எங்கே என்ற கேள்விக்கு விடை கூற மறுத்த காயினின் வழி. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட சுற்றுமடலில், மண்ணின் துயரமும் ஏழையின் துயரமும் இரண்டல்ல, ஒன்றே எனக் கற்பித்தார். அதற்கு விளக்கம் வேண்டுவோர் தொலைதூர நாடுகளுக்குச் செல்ல வேண்டியதில்லை. மெரீனாவும் இராயபுரமுமே போதும்.

இம்மணல் கணக்கு நம் இல்லங்களிலும் நடைபெறுகிறது. ஒரு பிள்ளையின் படிப்புக்காக இன்னொரு பிள்ளை பள்ளியை விட்டதுண்டு. அண்ணன் வீடு கட்டுவதற்காகத் தங்கையின் திருமணம் தள்ளிப்போனதுண்டு. நாம் வசதியாய் வாழ்வதற்காக நம் வீட்டில் பணிபுரியும் பெண் தன் குழந்தையைக் காய்ச்சலோடு விட்டுவந்ததுண்டு. யாரும் தீங்கு எண்ணவில்லை. ஆயினும் ஒரு பக்கம் மணல் சேர்ந்தது. மறுபக்கம் கரை தேய்ந்தது. சேர்ந்த பக்கத்தில் நிற்பவர்க்குத் தேய்ந்த பக்கம் தெரிவதில்லை. தெரிந்துகொள்ள விரும்பினால் சற்றே கரையைவிட்டு விலகிப் பார்க்க வேண்டும்.

மேலும் ஒன்று உண்டு. தேங்கிய மணல் தேக்கியவர்க்கும் முழு நன்மை ஆகவில்லை. மணல் குவிந்து குவிந்து கூவத்தின் வாயை அடைக்கிறது. ஆறு கடலில் கலக்க வழியின்றித் தேங்கிக் கிடக்கிறது. அதை அடிக்கடி தோண்டித் திறக்க வேண்டியிருக்கிறது. கையளிக்க வேண்டியதைக் கையளிக்காமல் வைத்துக்கொண்டால், அது நமக்கே அடைப்பாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உவமை வேண்டுமா?

கோடை விடுமுறையில் குழந்தைகளை மெரீனாவுக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர், ஒருநாள் மாலை அவர்களை இராயபுரத்திற்கும் அழைத்துச் செல்லட்டும். புனித இராயப்பர் ஆலயத்தில் செபித்துவிட்டு, கற்கள் கிடக்கும் கரையோரம் சற்று நின்று, இங்கே ஒரு காலத்தில் மணல் இருந்தது, அது எங்கே போயிற்று தெரியுமா என்று அவர்களைக் கேட்கட்டும். குழந்தைகள் விடையைத் தாமே கண்டுபிடிப்பார்கள். இரண்டு கரைகளையும் சேர்த்துப் பார்க்கக் கற்ற பிள்ளைகள், வளர்ந்தபின் எதைக் கட்டினாலும், சுவரின் மறுபுறத்தில் இருப்பவரையும் ஒரு சொல் கேட்டே கட்டுவார்கள்.